ஆயா ஃபெயில் ஆன பரீட்சை

பதிவு எழுதி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆபீஸ்ல ரிலீஸ், வீட்ல ஆயா. இதுல எது என்னைக் கட்டிப் போட்டுச்சுன்னு படிச்சா தெரிஞ்சிடும். வழக்கமான சினிமா மொக்கை இல்லை இது. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சொந்தக்கதை, நிறைய நீளம். ஒரு டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

ஆயான்னா அப்பாவோட அம்மா. எங்க கும்மிடிப்பூண்டி பக்கம் பாட்டின்னு கூப்பிடுற பழக்கம் இல்லை, ஆயாதான். பிறந்தது சத்தியவேடு பக்கம், வாக்கப்பட்டது எங்க ஊரு. தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்துல வரும். பள்ளிக்கூடம் போனதே இல்லை. ஆனா நாலு பேர் சீட்டுக் கணக்கை மனசுலயே வச்சிருந்து, பத்து ரூபா குறைஞ்சாலும் கண்டுபிடிக்கிற ஆளு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆயாவை சென்னையில ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். காரணம் கடைசியில சொல்றேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், தன்மையானவர்தான். ஒரு தாளை எடுத்து வச்சுக்கிட்டு கேள்வி கேட்க ஆரம்பிச்சார்.

"இது என்ன வருஷம் பாட்டி?"

ஆயா என்னைப் பார்த்து சிரிச்சாங்க.

"எந்த மாநிலத்துல இருக்கோம்?"

"மெட்ராஸ்."

"மாவட்டம்?"

"செங்கல்பட்டு ஜில்லா."

"நூறுல இருந்து ஏழு போனா எவ்ளோ? அப்படியே ஏழேழா கழிச்சிட்டே வாங்க."

"ஏழு ரூபாய்க்கு என்னப்பா வாங்கணும்?"

அப்புறம் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். பேனாவைப் பார்த்ததும் ஆயா கட்டை விரலை நீட்டினாங்க. ரெண்டு ஐங்கோணம் ஒண்ணோட ஒண்ணு வெட்டிக்கிற மாதிரி ஒரு படத்தைக் காட்டி வரையச் சொன்னார். ஆயா அதைக் கோலம்னு நினைச்சு புள்ளி எங்கேன்னு கேட்டாங்க. முப்பதுக்கு பதினொண்ணு. ஃபெயில்.

வெளியே வந்ததுல இருந்து எனக்கு ஒரே குடைச்சல். இந்தப் பரீட்சையை இருபது வருஷத்துக்கு முன்னாடி, ஆயா சீட்டுக் கணக்கு பார்த்த காலத்துல வச்சிருந்தாலும் பாதி மார்க் போயிருக்குமே? அப்போ இந்தத் தாள் எதைத்தான் அளக்குது? அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சேன். கிடைச்ச கதை நான் எதிர்பார்த்ததை விடப் பெருசு. அதுல பாதி நம்ம தமிழ்நாட்டுலயே நடந்த கதைங்கிறதுதான் ஆச்சரியம்.

முதல்ல அந்தத் தாள். 1975-ல அமெரிக்காவுல மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹியூ மூணு பேரும் சேர்ந்து உருவாக்கியது. பேரு மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன். முப்பது மார்க், பத்து நிமிஷம், பேப்பரும் பேனாவும் போதும். உலகம் பூரா பரவிடுச்சு. எழுதத் தெரிஞ்ச, காலண்டர் பார்த்து வாழ்ற, கழித்தல் கணக்கு போட்டுப் பழகின ஆளுக்கு நல்லாவே வேலை செய்யுது. நம்ம பாஷையில சொன்னா, ப்ரோக்ராமர் தன் மெஷின்ல ஓடினதை வச்சு ரிலீஸ் பண்ணிட்டார். யூசர் வேற ஊர்ல இருந்தார்.

இதுக்கும் ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சது இந்த நோயோட கதை. 1901-ல ஃப்ராங்ஃபர்ட் மனநல மருத்துவமனையில அகஸ்டே டீட்டர்னு 51 வயசு பெண்மணியை அலாய்ஸ் அல்சைமர் சந்திச்சார். பேரு என்னன்னு கேட்டார், அகஸ்டேன்னாங்க. வீட்டுக்காரர் பேரு கேட்டார், அதுக்கும் அகஸ்டேன்னு பதில். அந்தம்மா இறந்தப்புறம் மூளையை மைக்ராஸ்கோப்ல பார்த்து, 1906 நவம்பர்ல ட்யூபிங்கன் கூட்டத்துல அறிக்கை படிச்சார். 1910-ல கிரெப்லின் தன் பாடப்புத்தகத்துல இந்த நோய்க்கு அல்சைமர் பேரையே வச்சார். டிமென்ஷியாங்கிறது பெரிய குடை. அதுக்குக் கீழ அல்சைமர்தான் அதிகம், ரத்தக்குழாய் அடைப்பால வர்றது இன்னொண்ணு, இன்னும் சிலதும் உண்டு. நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பேரு: "வயசாயிடுச்சு."

சரி, இந்தியாவுக்கு வருவோம்.

முதியோருக்குன்னு தனி மருத்துவம் வேணும்னு இங்கே முதல்ல நினைச்ச ஊர்கள்ல ஒண்ணு நம்ம சென்னை. 1978-ல சென்னை அரசு பொது மருத்துவமனையில டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். மதுரையில பேராசிரியர் வெங்கோபராவும் மாதவனும் ஊருக்குள்ளேயே போய் வயசானவங்களோட மனநலத்தைக் கணக்கெடுத்து 1982-ல கட்டுரை எழுதினாங்க. அப்போ பெருசா தெரிஞ்சது மனச்சோர்வு. மறதி நோய் பின்வரிசையில இருந்துச்சு.

அப்புறம் வருது திருப்போரூர். ராஜ்குமார், குமார், ஸ்கார்ஃப் அமைப்போட டாக்டர் தாரா, இவங்க சேர்ந்து திருப்போரூர் கிராமப்பகுதியில 60 வயசைத் தாண்டின 750 பேரை ஆராய்ஞ்சாங்க. கட்டுரை வந்தது 1997-ல. நூத்துக்கு மூணரை பேருக்கு டிமென்ஷியா. அதுக்கு முந்தின வருஷம், 1996-ல, கேரளாவுல திருவாணியூர் பஞ்சாயத்துல டாக்டர் ஷாஜி குழு எடுத்த கணக்குல ஆயிரத்துக்கு சுமார் 32 பேர். ரெண்டு மாநிலம், ரெண்டு குழு, கிட்டத்தட்ட ஒரே எண்.

இதுல எனக்கு ஒரு சொந்த சுவாரசியம். திருப்போரூர் எங்கே, கும்மிடிப்பூண்டி எங்கேன்னு கேட்பீங்க. ஒண்ணு சென்னைக்குத் தெற்கே, ஒண்ணு வடக்கே. ஆனா 1997-ல திருவள்ளூர் மாவட்டத்தைப் பிரிக்கிற வரைக்கும் ரெண்டும் ஒரே மாவட்டம். செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். அதாவது ஆயா சொன்ன அதே "செங்கல்பட்டு ஜில்லா". இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

அதே சமயத்துல வடக்கே ஹரியானாவுல பல்லப்கர் ஆய்வு நடந்துச்சு. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செஞ்சது. அங்கே கிராமத்துல பெரும்பாலானவங்க எழுதப் படிக்கத் தெரியாதவங்க. மேரி கங்குலி குழு அந்த 1975 தாளை அப்படியே இந்தியில மொழிபெயர்க்கலை, உட்கார்ந்து மாத்தினாங்க. ஒரு வார்த்தையோட எழுத்தைத் தலைகீழா சொல்றதுக்குப் பதிலா கிழமைகளைத் தலைகீழா சொல்லணும். வாக்கியம் எழுதறதுக்குப் பதிலா உங்க வீட்டைப் பத்தி ஏதாவது சொல்லுங்க. படிச்சு செய்யறதுக்குப் பதிலா என் முகத்தைப் பார்த்து நான் செய்யறதைச் செய்யுங்க. எவ்ளோ எளிமை பாருங்க. எங்க ஆயாவை வீட்டைப் பத்திக் கேட்டிருந்தா அரை மணி நேரம் பேசியிருப்பாங்க.

ஆனா பல்லப்கர் முடிவு உலகத்தையே குழப்பிடுச்சு. 1998-ல வந்த கணக்குப்படி 65 தாண்டினவங்கள்ல அல்சைமர் நூத்துக்கு ஒண்ணு சொச்சம். புதுசா நோய் வர்ற வேகத்தை 2001-ல சொன்னப்போ, அது உலகத்துல பதிவானதுலயே ரொம்பக் குறைஞ்ச அளவுகள்ல ஒண்ணு. ஆராய்ச்சியாளர்கள் கவனமாத்தான் எழுதினாங்க: ஆயுசு குறைவா இருக்கலாம், பின்தொடர்ந்த காலம் போதாம இருக்கலாம், நிஜமாவே குறைவாவும் இருக்கலாம்னு. நம்மாளுங்க கவனமா எல்லாம் படிக்கலை. "இந்தியர்களுக்கு அல்சைமர் வராது, காரணம் மஞ்சள்"னு கிளம்பிட்டாங்க. இன்னிக்கும் எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல மாசம் ஒரு தடவை வருது. மஞ்சள்ல இருக்கிற குர்குமினை அல்சைமர் நோயாளிகளுக்கு 24 வாரம் குடுத்துப் பார்த்து 2012-ல வெளியிட்ட அமெரிக்க ஆய்வுல பலன் எதுவும் தெரியலை. எங்க ஆயா எண்பது வருஷம் மஞ்சள் அரைச்சவங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்ல.

1998-ல கொச்சியில சர்வதேச அல்சைமர் அமைப்போட மாநாடு நடந்தது. அங்கே ஒரு கணக்கு பேசப்பட்டுச்சு. டிமென்ஷியா உள்ளவங்கள்ல 66 சதவீதம் பேர் வளரும் நாடுகள்ல இருக்காங்க. ஆனா மக்கள்கிட்ட நேரா போய் செய்யற ஆராய்ச்சியில பத்து சதவீதம் கூட அங்கே நடக்கலை. அங்கேயே ஒரு குழு பிறந்தது, பேரே 10/66. லண்டனைச் சேர்ந்த மார்ட்டின் பிரின்ஸ் தலைமை. கொள்கை விளக்கத்தை ரெண்டு எண்ணுல அடக்கின பேரு வேற எங்கேயும் நான் பார்த்ததில்லை.

இவங்க முதல்ல செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். நோயாளியை எண்ணப் போகலை. அளவுகோலை சோதிச்சாங்க. இந்தியா, சீனா, லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கான்னு 25 மையங்கள்ல 2,885 பேர். டிமென்ஷியா உள்ளவங்க ஒரு வகை. மனச்சோர்வு உள்ளவங்க ஒரு வகை. நல்லா படிச்ச, ஆரோக்கியமானவங்க ஒரு வகை. நாலாவது வகைதான் முக்கியம்: படிக்காத, ஆனா புத்தி தெளிவா இருக்கிறவங்க. அதாவது இருபது வருஷத்துக்கு முந்தைய எங்க ஆயா. இந்த நாலாவது வகையை நோயாளின்னு தப்பா சொல்லக்கூடாதுங்கிறதுதான் டெஸ்ட். 2003-ல முடிவு வந்துச்சு.

கேள்விகளும் மாறிச்சு. அவங்க எடுத்துக்கிட்ட கேள்வித்தாள்ல ஒண்ணு கனடாவுல க்ரீ பழங்குடி மக்களுக்காக வடிவமைச்சது. சுத்தியல் எதுக்கு? பக்கத்துல கடை எங்க இருக்கு? முதல்ல ஜன்னலைக் காட்டுங்க, அப்புறம் கதவைக் காட்டுங்க. அது போக பத்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழிச்சு ஞாபகம் இருக்கான்னு பார்க்கிறது. இதோட முடியலை. கூட இருக்கிறவங்ககிட்டயும் தனியா கேட்கணும்: முன்ன மாதிரி இருக்காங்களா? பொருளை வச்ச இடம் மறக்குதா? உடை உடுத்திக்க முடியுதா?

இந்த அளவுகோலோட ஏழு நாட்டுல 11 இடத்துல 65 தாண்டின சுமார் 15 ஆயிரம் பேரைப் பார்த்தாங்க. இந்தியாவுல ரெண்டே இடம். நகரத்துக்கு சென்னை, கிராமத்துக்கு வேலூர். ரெண்டும் தமிழ்நாடு! 2008-ல லான்செட் இதழ்ல முடிவு வந்துச்சு. இங்கதான் கதையோட முடிச்சு இருக்கு.

ஒரே மக்களை ரெண்டு விதியால அளந்தாங்க. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தோட டி.எஸ்.எம்-4 விதிப்படி நம்ம கிராமத்துல டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம், கியூபாவுல 6.3. இருபது மடங்கு வித்தியாசம். 10/66 விதிப்படி பார்த்தா எந்த இடமும் 5.6 சதவீதத்துக்குக் கீழ இல்லை, அதிகபட்சம் 11.7. இருபது மடங்கு வித்தியாசம் ரெண்டு மடங்கா சுருங்கிடுச்சு.

ஏன்? டி.எஸ்.எம் விதிப்படி நினைவு போனா மட்டும் பத்தாது, அதனால அன்றாட வேலை கெடணும், முன்னைவிட சரிஞ்சிருக்கணும். இதை யார் சொல்லணும்? வீட்ல இருக்கிறவங்க. நம்ம கிராமத்து வீட்ல என்ன சொல்லியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க? "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. வயசாச்சு, மறக்கத்தான் செய்யும். அவங்க எதுக்கு வேலை செய்யணும், நாங்கதான் எல்லாம் பார்த்துக்கிறோமே." மருமகள் சோறு போட்டு, தலை வாரி, துணி எடுத்துக் குடுத்து, அந்தம்மாவோட இயலாமை முழுசையும் தன் கையால மூடிட்டாங்க. மூடினது அன்பாலதான். ஆனா விதி அதைப் பார்த்துட்டு நோய் இல்லைன்னு எழுதிடுச்சு.

10/66 அதிகமா சொல்லுதோன்னு சந்தேகம் வரணும், எனக்கும் வந்துச்சு. அதுக்கும் சென்னைலயே பதில் இருக்கு. நோய் இருக்குன்னு 10/66 சொன்னவங்களை மூணு வருஷம் கழிச்சு மறுபடி போய்ப் பார்த்தாங்க. மத்தவங்களைவிட அவங்கள்ல இறந்தவங்க அதிகம். உயிரோட இருந்தவங்களுக்கு நினைவும் செயல்பாடும் இன்னும் சரிஞ்சிருந்துச்சு. 2010-ல கட்டுரை. நோய் அங்கேயேதான் இருந்திருக்கு, பார்க்கிற கண்ணுதான் இல்லை.

2023-ல நாடு தழுவின லாசி-டேட் ஆய்வு வந்தப்போ எண் இன்னும் தெளிவாச்சு. 60 தாண்டின இந்தியர்கள்ல 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிட பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிட கிராமத்துல அதிகம். மஞ்சள் தியரிக்கு ஒரு மலர் வளையம் வைக்கலாம்.

இப்போ சொந்தக்கதை. ஆஸ்பத்திரிக்குப் போன காரணம் சொல்றேன்னு சொன்னேன் இல்லையா.

எங்க ஊரை ஒட்டி சிப்காட். அங்கே இப்போ ஒரு கம்பெனி காம்பவுண்டு நிக்கிற இடத்துல ஒரு காலத்துல ஆயா நாத்து நட்டிருக்காங்க. ஒருநாள் விடியக்காலையில ஆயாவைக் காணோம். அந்தக் கம்பெனி கேட்ல இருந்த செக்யூரிட்டி அண்ணன் ஒருத்தர் ஊர்க்காரங்ககிட்ட விசாரிச்சு போன் பண்ணார். "ஒரு அம்மா வந்து கழனிக்குத் தண்ணி பாய்ச்சணும், கதவைத் தொறன்னு நிக்கிறாங்க தம்பி." போய்க் கூட்டிட்டு வந்தோம். அந்த அண்ணன் அதுக்குள்ள ஆயாவை சேர்ல உட்கார வச்சு டீ வாங்கிக் குடுத்திருந்தார். அவருக்கு இந்தப் பதிவு மூலமா ஒரு கும்பிடு.

டாக்டர் பரீட்சை முடிச்சுட்டு என்கிட்ட கேட்டார், "எத்தனை நாளா இப்படி?" நான் கொஞ்சமும் யோசிக்காம சொன்னேன்: "இதுதான் சார் முதல் தடவை. அதுக்கு முன்னாடி எல்லாம் நார்மல்தான்." பக்கத்துல இருந்த அம்மா மெதுவா பேச ஆரம்பிச்சாங்க. ரெண்டு வருஷமா குழம்புல உப்பு ரெண்டு தரம் விழுதுன்னு அடுப்பு வேலையைத் தான் எடுத்துக்கிட்டது. சீட்டுக் கணக்குல குழப்பம் வந்து, வெளியே தெரியாம தான் கட்டினது. புடவை கொசுவம் வச்சு விடுறது. ராத்திரி எழுந்து தெலுங்குல யாரையோ கூப்பிடுறது. ஒரே வீட்ல இருந்தும் எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஹெட்போன் போட்டுக்கிட்டு கால்ல இருந்திருப்பேன்.

வேலூர்ல "ஒண்ணும் இல்லைங்க"ன்னு சொன்ன அந்த வீட்டு ஆளு நான்தாங்க. ரெண்டு வருஷம் போயிடுச்சு. நோய் போகாதுதான். ஆனா ஆயாவுக்கு பிரஷர் இருக்கிறதையே அன்னிக்குத்தான் கண்டுபிடிச்சோம். 2024 லான்செட் கமிஷன் கணக்குப்படி, பிரஷர், சுகர், காது கேளாமை, படிப்பின்மை மாதிரி 14 காரணங்களைச் சரி பண்ணினா டிமென்ஷியாவுல சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்கு. அதைவிட பெருசு, அம்மா அந்த ரெண்டு வருஷமும் தனியா சுமந்தாங்க.

ரெண்டு மொழி விஷயமும் சொல்லிடறேன். ஹைதராபாத்ல டாக்டர் சுவர்ணா அல்லாடி குழு 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்து 2013-ல எழுதினாங்க. ஒரே மொழி பேசறவங்களைவிட, ஒண்ணுக்கு மேல பேசறவங்களுக்கு நோய் சராசரியா நாலரை வருஷம் தள்ளி வந்திருக்கு. படிக்காதவங்கள்லயும் இந்த வித்தியாசம் தெரிஞ்சது. ஆயாவுக்கும் அப்படித்தான்னு ஒரு ஆளை வச்சு சொல்ல முடியாது. ஆனா அதைப் படிச்சப்புறம் வீட்ல தெலுங்குல பேசிப் பார்க்கலாம்னு தோணுச்சு. என் தெலுங்கு மகேஷ்பாபு படத் தெலுங்கு. அதுக்கே ஆயா தன் கூடப்பிறந்தவங்க ஆறு பேர் பேரையும் வரிசையா சொன்னாங்க. பரீட்சையில மூணு வார்த்தை ஞாபகம் வைக்காதவங்க.

என்ன செய்யலாம்னா, வழி இருக்கு. திருச்சூர்ல 2002-ல டாக்டர் ஷாஜி குழு அங்கன்வாடி ஊழியர்களுக்கு ரெண்டு மூணு மணி நேரம் பயிற்சி குடுத்து, உங்க பகுதியில யாருக்கு இருக்கலாம்னு சொல்லுங்கன்னாங்க. 51 பேரைச் சொன்னாங்க, 33 பேருக்கு நிஜமாவே இருந்துச்சு. கோவாவுல ஊர்ப் பெண்களுக்கே ஒரு வாரம் பயிற்சி குடுத்து 81 குடும்பங்கள் கலந்துக்கிட்ட ஆய்வுல வீடு வீடா அனுப்பினாங்க. பார்த்துக்கிறவங்களோட மனநலம் தேறுச்சுன்னு 2008-ல முடிவு. பெரிய மெஷின் எதுவும் இல்லை, கேள்வி கேட்க ஒரு ஆளு. நம்ம ஊர்ல 2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் பிரஷர், சுகர் மாத்திரையோட வீட்டுக்கே வர்றாங்க. அதே வாசல்ல நின்னு "முன்ன மாதிரி இருக்காங்களா?"ன்னு ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டா எவ்ளோ நல்லா இருக்கும்.

சென்னையில ஸ்கார்ஃப் அமைப்போட டெம்கேர்ஸ் பிரிவு டிமென்ஷியாவுக்குன்னே இருக்கு. முதியோர் உதவிக்கு 14567 எண் இருக்கு. உங்க வீட்ல யாராவது இருந்தா, அவங்களை மட்டும் இல்லை, அவங்களுக்கு சோறு போடுறவங்களையும் தனியா உட்கார வச்சுக் கேளுங்க. நிஜ ரிப்போர்ட் அவங்ககிட்டதான் இருக்கு.

கடைசியா அந்த செங்கல்பட்டு ஜில்லா. ஆயா பிறந்தப்போ சத்தியவேடு மெட்ராஸ் ராஜ்யத்துல செங்கல்பட்டு ஜில்லா. 1960 ஏப்ரல் 1-ல திருத்தணி இந்தப் பக்கம் வர, சத்தியவேடு ஆந்திராவுக்குப் போச்சு. வாக்கப்பட்டு வந்த ஊரும் செங்கல்பட்டு ஜில்லாதான், அது 1997-ல திருவள்ளூர் ஆச்சு. 2019-ல செங்கல்பட்டு மாவட்டம் திரும்ப வந்துச்சு, ஆனா அதுல எங்க ஊர் இல்லை. மாநிலம் மெட்ராஸ், மாவட்டம் செங்கல்பட்டு. ஆயா சொன்ன ரெண்டு பதிலும் ஒரு காலத்துல முழு மார்க் வாங்கியிருக்கும்.

நேத்து ராத்திரி சும்மா கேட்டேன், "ஆயா, நம்ம வீடு எங்க இருக்கு?" கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு என் கையைப் பிடிச்சு, "இதோ, இங்கதான்"னாங்க.

இந்தக் கேள்விக்கு நான் மார்க் போடலை.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்லை. சந்தேகம்னா மருத்துவரைப் பாருங்க. உங்க வீட்டு ஆயா, தாத்தா கதை இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. வட்டார வழக்குல இந்த மறதிக்கு என்ன பேருன்னும் சொல்லுங்க. திருச்சூர் பக்கம் "சின்னன்"னு சொல்வாங்களாம், திரும்பக் குழந்தை ஆகிறது. யாழ்ப்பாணத்துல "அறளை பெயர்றது". உங்க ஊர்ல?